‘ஒண்ணுமில்லை’: ஒரு முறையீட்டின் வரலாறு

“ஒண்ணுமில்லைம்மா, எல்லாம் நார்மலாத்தான் இருக்கு” என்று அந்த டாக்டரம்மா சொன்னபோது அம்மாவின் முகத்தில் நிம்மதி வரும் என்று நினைத்தேன். வரவில்லை. மாதக்கணக்கில் வெள்ளைபடுகிறது, இடுப்பு கழன்று விழுகிற மாதிரி இருக்கிறது, காலையில் எழுந்திருக்க முடியவில்லை என்று அவள் சொல்லிச் சொல்லி, ஒருவழியாக நான் விடுப்பு போட்டு, ஆரணிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து காஞ்சிபுரத்துக்கு அவளை அழைத்துப் போயிருந்தேன். ஸ்கேன், ரத்தம், சிறுநீர், உள்பரிசோதனை எல்லாம் முடிந்து, நான்கு மணிநேரம் பெஞ்சில் காத்திருந்து கிடைத்த பதில் அது. திரும்பும் பேருந்தில் வெகுநேரம் பேசாமல் வந்தவள் செய்யாறு தாண்டியதும் கேட்டாள்: “நான் பொய் சொல்றேன்னு அந்தம்மா நெனச்சிச்சா?”

நான் பதில் சொல்லவில்லை. “சும்மா வாம்மா” என்று அடக்கிவிட்டேன். ஆனால் வரலாறு படித்தவளுக்கு அந்தக் கேள்வியை அப்படியே விட்டுவிட முடியவில்லை. வெள்ளைபடுதல் என்ற இந்த ஒரே முறையீடு வெவ்வேறு காலங்களில் மருத்துவர்களின் காதில் எப்படியெல்லாம் விழுந்திருக்கிறது என்று தேட ஆரம்பித்தேன். தேடல் என்னை எங்கெங்கோ கொண்டுபோய்விட்டு, கடைசியில் எங்கள் வீட்டுக் கூடத்திலேயே கொண்டுவந்து நிறுத்தியது.

முதலில் சொல்லிலிருந்து தொடங்க வேண்டும். நம் வீடுகளில் “எனக்கு நோய்” என்று யாரும் சொல்வதில்லை. “உடம்புக்கு முடியல” என்கிறோம். இந்த ‘முடியல’ எந்த உறுப்பையும் சுட்டுவதில்லை. ஒரு நாளின் வேலையைச் சுட்டுகிறது. குனிந்து நாற்று நட முடியல, தண்ணீர்க் குடம் தூக்க முடியல, அடுப்படியில் நிற்க முடியல, ராத்திரி அவர் கூப்பிட்டால் முடியல. முடிகிற வரைக்கும் சுகம். டாக்டரும் “உடம்புக்கு என்ன பண்ணுது?” என்று நம் மொழியில்தான் கேட்கிறார். ஆனால் அவர் எழுதும்போது அது ஓ.பி. சீட்டில் ‘டபிள்யூ.டி.பி.வி.’ என்ற நான்கு ஆங்கில எழுத்தாகிவிடுகிறது. பிறப்புறுப்பு வழியாக வெள்ளைபடுதல் என்று பொருள். இடுப்பும் அசதியும் விடியற்காலையும் அந்த நான்கு எழுத்துக்குள் அடங்குவதில்லை. நலம் என்பது நோய் இல்லாதிருப்பது மட்டுமல்ல, உடலும் மனமும் சமூக வாழ்வும் முழுமையாக நன்றாக இருப்பது என்று உலக சுகாதார நிறுவனம் 1948 முதல் தன் சாசனத்திலேயே வைத்திருக்கிறது. நல்ல வாசகம்தான். ஓ.பி. சீட்டில் அதற்கு இடமில்லை.

அம்மாவின் தலைமுறைக்கு வெள்ளைபடுதல் என்பது கீழே நடக்கிற காரியம் மட்டுமல்ல. உடம்பில் சூடு ஏறினால் வெள்ளைபடும், வெள்ளைபட்டால் எலும்பு உருகும், எலும்பு உருகினால் ஆள் இளைத்துப்போவாள். வெட்டை என்றும் சொல்வார்கள். ஊறவைத்த வெந்தயம், சோற்றுக்கற்றாழை, நீராகாரம், சனிக்கிழமை எண்ணெய்க் குளியல் என்று அதற்கு ஒரு வைத்தியமும் இருந்தது. படித்த திமிரில் நானும் இதைக் கேட்டுச் சிரித்திருக்கிறேன்.

ஜெர்மானிய வரலாற்றாசிரியர் பார்பரா டூடனின் நூலைப் படித்தபோது அந்தச் சிரிப்பு நின்றது. 1987-இல் வெளிவந்த அந்த நூல், 18-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஐசனாக் என்ற ஊரில் மருத்துவம் பார்த்த யோஹான் ஷ்டோர்ஹ் என்பவரின் குறிப்புகளை ஆராய்கிறது. தன்னிடம் வந்த பெண்கள் சொன்னவற்றை அவர் பல தொகுதிகளாக எழுதி வைத்திருந்தார். பலர் நேரில் வரவே இல்லை, ஆள் மூலம் சொல்லி அனுப்பினார்கள். அவரும் பெண்களின் உடலைத் தொட்டுப் பார்த்தது மிகக் குறைவு. கேட்டார், எழுதினார், மருந்து கொடுத்தார். அந்தப் பெண்களின் பேச்சில் உடம்பு முழுக்க ஓட்டம்தான். ரத்தம் தேங்குகிறது, தலைக்கு ஏறுகிறது, வெள்ளையாக வழிகிறது, பயத்தில் நின்றுபோகிறது. ஆரணியில் என் பெரியம்மா பேசியதும் இதே மொழி. ஷ்டோர்ஹ் பெண்களின் தோழர் என்று சொல்லவில்லை, ஆண்டவன் பெண்ணுக்கு விதித்தது இது என்று நம்பிய ஆசாமிதான். ஆனால் அவர் காலத்தில் ‘நோய் என்ன’ என்று தெரிந்துகொள்ள அந்தப் பெண்ணின் வாயைவிட்டால் வேறு வழி இல்லை.

அந்த வழி நூறு ஆண்டுகளில் திறந்தது. 1836-இல் பாரிஸில் ஆல்ஃபிரெட் தோனே என்ற மருத்துவர் பெண்களின் வெள்ளையை நுண்ணோக்கியின் கீழ் வைத்துப் பார்த்து, அதில் நீந்தும் ஒரு நுண்ணுயிரைக் கண்டார். டிரைக்கோமோனாஸ் என்று இன்று நாம் சொல்வது அதைத்தான். 1879-இல் நைஸர் மேகவெட்டைக்குக் காரணமான கிருமியைக் கண்டுபிடித்தார். 1892-இல் டோடர்லைன், ஆரோக்கியமான பெண்ணின் யோனியில் இயல்பாகவே வாழும் நுண்ணுயிர்களைப் பற்றி எழுதினார். இயல்பான வெள்ளை வேறு, நோயான வெள்ளை வேறு என்ற பிரிவினை இப்படித்தான் உறுதிப்பட்டது. இதனால் பிழைத்த பெண்கள் எண்ணற்றவர்கள், அதை மறுக்க எனக்கு ஆசையில்லை. ஆனால் சாட்சி மாறிவிட்டது. இனி பேசப்போவது கண்ணாடித் தகடு.

தகட்டுக்கு முன்னால் கருவி வேண்டுமே. யோனியை விரித்துப் பார்க்க இன்றும் பயன்படும் ஸ்பெகுலத்தின் ஒரு வடிவம் மேரியன் சிம்ஸ் என்ற அமெரிக்கரின் பெயரில் இருக்கிறது. 1840-களில் அலபாமாவில் அவர் அறுவைச் சோதனைகள் செய்தது அடிமைப் பெண்களின் உடலில், மயக்க மருந்து இல்லாமல். அனார்க்கா, லூசி, பெட்ஸி என்று மூன்று பேரின் பெயர் மட்டும் நமக்குக் கிடைத்திருக்கிறது. அனார்க்காவுக்கு முப்பது முறை. அவர்கள் என்ன சொன்னார்கள் என்று அவர்கள் வாயால் எதுவும் பதிவாகவில்லை.

அதே ஸ்பெகுலத்தைப் பெண்கள் கையில் எடுத்த கதையும் உண்டு, வெள்ளைபடுதலோடு நேரடியாகச் சம்பந்தப்பட்டது. 1971-இல் லாஸ் ஏஞ்சலிஸில் கரோல் டவுனரும் தோழியரும் பிளாஸ்டிக் ஸ்பெகுலம், கண்ணாடி, டார்ச் விளக்கு வைத்துத் தங்கள் உடலைத் தாங்களே பார்க்கக் கற்றுக்கொண்டார்கள். அடுத்த ஆண்டு அவர்களுடைய மையத்தில் போலீஸ் புகுந்தது. உரிமமில்லாமல் மருத்துவம் பார்த்ததாக டவுனர்மீது வழக்கு. செய்த குற்றம், பூஞ்சைத் தொற்றுக்காக ஒரு பெண்ணுக்குத் தயிர் வைக்க உதவியது! தயிரையும் சாட்சிப் பொருளாக எடுத்துப்போக முயன்றார்கள். டவுனர் விடுதலையானார். இந்தச் சம்பவத்தை என் மாணவிகளிடம் சொல்லும்போதெல்லாம் வகுப்பே சிரிக்கும். நீராகாரத்துக்குச் சிரித்த நான் இங்கே அவர்களோடு சேர்ந்து வேறுமாதிரி சிரிக்கிறேன்.

நம் நாட்டில் மருத்துவம் கிராமத்துப் பெண்ணின் இடுப்புக்குக் கீழே முதன்முதலாகப் பெரிய அளவில் கவனம் செலுத்தியது, அவளுக்கு என்ன செய்கிறது என்று கேட்க அல்ல, பிள்ளை பிறப்பதை நிறுத்த. 1965-இல் ‘லூப்’ தேசியத் திட்டமாக வந்தது. இலக்கு வைத்துப் பொருத்தினார்கள். ரத்தம் கொட்டுகிறது, அடிவயிறு இழுக்கிறது என்று பெண்கள் திரும்பி வந்தபோது அவர்களைக் கவனிக்க ஏற்பாடு இல்லை. அந்தச் சொல் ஊர் ஊராகப் பரவி லூப்பின் மவுசு சில ஆண்டுகளிலேயே சரிந்தது. ‘வதந்தி’ என்ற பெயரும் அதற்குக் கிடைத்தது. பெண்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்ட மருத்துவக் குறிப்பு என்று அதைச் சொல்லியிருக்கலாம்.

இந்தப் பின்னணியில்தான் 1989 ஜனவரியில் ‘லான்செட்’ இதழில் வந்த ஒரு கட்டுரையைப் படிக்க வேண்டும். மகாராஷ்டிரத்தின் கட்சிரோலி மாவட்டத்தில் ராணி பங், அபய் பங் என்ற மருத்துவத் தம்பதி குழுவினருடன் சேர்ந்து செய்த ஆய்வு. ராணி பங் மகப்பேறு மருத்துவர். அதுவரை பெண்களின் நோய் பற்றிய கணக்கெல்லாம் மருத்துவமனைக்கு வந்த பெண்களை வைத்துப் போட்டது. வராத பெண்களைப் பற்றி யாருக்கும் ஒன்றும் தெரியாது. இவர்கள் இரண்டு கிராமங்களை எடுத்துக்கொண்டு, முறையீடு உள்ளவர், இல்லாதவர் என்று பாராமல் 650 பெண்களைப் பரிசோதித்தார்கள். 55 சதவீதம் பேர் ஏதோ ஒரு தொந்தரவைச் சொன்னார்கள். மீதி 45 சதவீதம் பேர் ஒன்றுமில்லை என்றார்கள். பரிசோதனையில் 92 சதவீதம் பேருக்கு ஒன்றோ பலவோ மகளிர் நோய்கள் இருந்தன. சராசரியாக ஒருத்திக்கு 3.6 நோய். அதற்குமுன் மகளிர் நோய்ப் பரிசோதனையும் சிகிச்சையும் பெற்றிருந்தவர்கள் வெறும் 8 சதவீதம்.

இந்த 92-ஐ எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள். என்னைத் தூங்கவிடாதது மற்ற எண். 45 பேர் ஒன்றுமில்லை என்கிறார்கள், 8 பேருக்குத்தான் உண்மையிலேயே ஒன்றுமில்லை. அப்படியானால் நூற்றுக்கு 37 பேராவது நோயை வைத்துக்கொண்டு ‘ஒண்ணுமில்லை’ என்று சொல்லியிருக்கிறார்கள். பொய் சொல்லவில்லை. அவர்களால் முடிந்துகொண்டிருந்தது. முடிகிற வரைக்கும் சுகம் என்று மேலே சொன்னேனே, அந்தச் சொல்லின் மறுபக்கம் இது. அசதியும் வலியும் அம்மாவுக்கும் பாட்டிக்கும் அண்டைவீட்டுக்காரிக்கும் இருந்தால் அதன் பெயர் நோய் அல்ல, பெண் ஜென்மம்.

என் பெரியம்மாவைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். அம்மாவுக்கு மூத்தவள், ஐந்து பெற்று மூன்றை வளர்த்தவள், அறுபது வயதுவரை நடவுக்கும் களையெடுப்புக்கும் போனவள். “உடம்பு எப்படி இருக்கு பெரியம்மா?” என்றால் “எனக்கென்ன, ஒண்ணுமில்லை” என்பாள். திடீரென்று ஒருநாள் நெஞ்சுவலியில் போய்விட்டாள். உடலைக் குளிப்பாட்டிய பெண்களில் அம்மாவும் ஒருத்தி. புடவையை அவிழ்த்தபோது உள்ளே, பழைய வேட்டித் துணியைச் சுருட்டிப் பந்துபோல் கட்டி, இடுப்புக் கயிற்றோடு இறுக்கியிருந்தாளாம். கர்ப்பப்பை வெளியே இறங்கியிருந்தது. நம் பக்கத்தில் அடி இறங்குவது என்பார்கள். தழும்பைப் பார்த்தால் வருஷக்கணக்காக இருந்திருக்கும் என்று குளிப்பாட்டிய மருத்துவச்சி சொன்னாள். மூன்று மருமகள்களுக்கும் தெரியாது. பெரியப்பாவுக்குத் தெரிந்திருக்குமா என்று யாரும் கேட்கவில்லை. அந்தத் துணியோடுதான் அவள் நாற்று நட்டிருக்கிறாள், என் கல்யாணத்துக்கு அரிசி புடைத்திருக்கிறாள்.

கட்சிரோலிக் கட்டுரையைத் திறந்தால் எனக்குத் தெரிவது அந்த வேட்டித் துணி.

1994-இல் கெய்ரோ மாநாடு இனப்பெருக்க நலம் என்பதை உலக அளவில் ஏற்றுக்கொண்டது. 1996-இல் இந்திய அரசு குடும்பக் கட்டுப்பாட்டு இலக்குகளைக் கைவிட்டதாக அறிவித்தது. அடுத்த ஆண்டு புதிய திட்டம் வந்தது. இதற்கெல்லாம் பெண்கள் இயக்கங்கள் உழைத்தன, கட்சிரோலி ஆய்வும் ஆதாரமாக இருந்தது. நடைமுறையில் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வந்து சேர்ந்தவற்றில் ஒன்று பச்சைப் பொட்டலம். பரிசோதனைக்கூடம் இல்லாத இடத்தில் அறிகுறியை வைத்தே மருந்து கொடுக்கும் முறை. வெள்ளைபடுதலுக்குப் பச்சை, அடிவயிற்று வலிக்கு மஞ்சள் என்று நிறம் பிரித்த மாத்திரைப் பொட்டலங்கள். வசதியான ஏற்பாடுதான். ‘வெள்ளை’ என்று ஒருத்தி சொன்னாலே நம்பி மருந்து தருகிறார்கள் என்பதுகூட ஒருவகை மரியாதை. ஆனால் வெள்ளை என்ற சொல்லுக்குத் தொற்று என்று மட்டும் பொருள் வைத்து நம்பினார்கள்.

2005-இல் தமிழ்நாட்டுக் கிராமப்புறத்தில் 16 முதல் 22 வயதுவரையிலான மணமான பெண்கள் 451 பேரிடம் செய்த ஆய்வொன்று வெளிவந்தது. 53 சதவீதம் பேர் தொந்தரவு இருக்கிறது என்றார்கள். ஆய்வகத்தில் தொற்று தெரிந்தது 38 சதவீதம் பேருக்கு. கட்சிரோலிக்கு நேர்மாறு, இங்கே சொன்னவர்கள் அதிகம், தகட்டில் தெரிந்தவர்கள் குறைவு. தொந்தரவு உள்ளவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் எந்தச் சிகிச்சைக்கும் போகவில்லை. பெண் மருத்துவர் இல்லை, மறைவிடம் இல்லை, தூரம், செலவு, இதெல்லாம் சகஜம்தானே என்ற எண்ணம் ஆகியவை அவர்கள் சொன்ன காரணங்கள். பாலுறவு வழித் தொற்று விவசாயக் கூலிப் பெண்களுக்குக் கூடுதலாக இருந்தது.

ஏறக்குறைய அதே காலத்தில் கோவாவில் விக்ரம் படேல் குழுவினர் 2,494 பெண்களிடம் ஆய்வு செய்தார்கள். வெள்ளைபடுகிறது என்று சொன்ன பெண்களுக்கு என்ன இருக்கிறது என்று பார்த்தால், தொற்றோடு அந்த முறையீட்டுக்கு இருந்த தொடர்பு பலவீனமானது. மன உளைச்சலோடும் வாழ்க்கைச் சிக்கல்களோடும் இருந்த தொடர்புதான் அழுத்தமானது. காரணம் என்னவென்று அந்தப் பெண்களையே கேட்டபோது மனக்கவலை, உடற்சூடு, தொற்று என்ற மூன்றையும் கிட்டத்தட்ட ஒரே அளவில் சொன்னார்கள். அதாவது ஆய்வாளர்கள் கடைசியில் கண்டுபிடித்ததை அவர்களில் பலர் முதலிலேயே சொல்லிவிட்டிருந்தார்கள்.

இந்த இடத்தில் ஒரு பயமும் எனக்கு உண்டு. ‘மன உளைச்சல்’ என்பது ‘ஒண்ணுமில்லை’ என்பதன் நாகரிகமான பெயராக மாறிவிட அதிக நேரம் ஆகாது. “டென்ஷன் ஆகாதீங்க, ரெஸ்ட் எடுங்க” என்று சீட்டு எழுதிக் கொடுத்து அனுப்பிவிடலாம். யார் ரெஸ்ட் கொடுப்பார்கள்? ஷ்டோர்ஹிடம் பேசிய பெண்களுக்கோ ஆரணிப் பெண்களுக்கோ உடம்பு தனி, மனசு தனி என்று இரண்டு இல்லை. குடிகாரப் புருஷன், கந்துவட்டி, ஆடியில் வேலையில்லாத வயிறு எல்லாம் சேர்ந்து உள்ளே சூடாகி, கீழே வெள்ளையாக வழிகிறது. இதை நான் மருத்துவ உண்மை என்று சொல்லவில்லை. ஒரு பெண் தன் வாழ்க்கையை ஒரு அந்நியரிடம், அதுவும் மூன்று நிமிடத்தில், அவமானப்படாமல் சொல்வதற்குக் கிடைத்த சொல் இது என்கிறேன். “புருஷன் அடிக்கிறான்” என்று ஓ.பி.யில் சொல்ல முடியாது. “வெள்ளைபடுது” என்று சொல்லலாம்.

இனி அம்மாவின் ரிப்போர்ட். எல்லாம் நார்மல் என்று சொல்லப்பட்ட அந்தக் காகிதங்களை பேருந்திலேயே பையில் திணித்துவிட்டிருந்தேன். இந்தக் கட்டுரைக்காகப் பிறகு எடுத்துப் பார்த்தேன். ஸ்கேனில் உண்மையிலேயே ஒன்றுமில்லை. தொற்றும் இல்லை. ரத்தப் பரிசோதனைத் தாளில் ஹீமோகுளோபின் 9.8. பெண்களுக்கு 12-க்குக் கீழே போனால் ரத்தசோகை என்பது பாடப்புத்தகக் கணக்கு. எனக்குத் தெரிந்த ஒரு செவிலியரிடம் தாளை நீட்டினேன். “நம்ம பொம்பளைங்களுக்கு ஒம்பது, பத்து எல்லாம் நார்மல்தான் அக்கா, எட்டுக்குக் கீழ போனாத்தான் டாக்டர் திரும்பிப் பார்ப்பாங்க” என்றார். 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரையிலான பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு இருப்பது கண்ணுக்குப் பழகிவிடுகிறது. தகடும் எண்ணும் பொய் சொல்லவில்லை, எண்ணைப் பார்த்த கண்தான் பெரியம்மாவைப் போலவே ‘ஒண்ணுமில்லை’ என்றிருக்கிறது. காலையில் எழுந்திருக்க முடியவில்லை என்று அம்மா சொன்னதற்கான பதிலில் ஒரு பகுதி அன்று எங்கள் பையிலேயே இருந்தது.

இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டு மூன்று மாதத்தில் அசதி கொஞ்சம் குறைந்தது. வெள்ளை முழுதாக நிற்கவில்லை. அப்பாவின் குடியும் நிற்கவில்லை.

கட்சிரோலிக் கட்டுரை வந்த அதே 1989-இல் ‘சரீர் கீ ஜான்காரி’ என்ற இந்தி நூலை தில்லியின் காளி ஃபார் விமன் பதிப்பகம் வெளியிட்டது. ராஜஸ்தானின் கிராமத்துப் பெண்கள் 75 பேர் சேர்ந்து உருவாக்கிய உடலறிவு நூல். முதலில் உடலை அம்மணமாக வரைந்திருந்தார்கள். எங்கள் ஊரில் இப்படி ஒரு பெண்ணை யார் பார்த்திருக்கிறார்கள் என்று கிராமத்துப் பெண்கள் மறுத்தார்கள். அதனால் பாவாடை கட்டிய பெண்ணை வரைந்து, பாவாடையைக் காகித மடிப்பாக ஒட்டினார்கள். மடிப்பைத் தூக்கினால் உள்ளே உடல் தெரியும். அதைப் படித்துவிட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் செய்து பார்த்தேன். சார்ட் தாளில் புடவை கட்டிய ஒரு பெண், கொசுவத்தை மடிப்பாக ஒட்டி, உள்ளே கர்ப்பப்பை, சினைப்பை, மூத்திரப்பை. ஓவியம் சுமார்தான்.

அம்மா மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கொசுவத்தைத் தூக்கிப் பார்த்தாள். மூடினாள். மறுபடி தூக்கினாள். ஒவ்வொன்றாகப் பெயர் கேட்டாள். கர்ப்பப்பையின்மேல் விரலை வைத்துச் சற்று நேரம் அப்படியே இருந்தாள்.

“எவ்ளோ சின்னதா இருக்கு” என்றாள். பிறகு விரலை மெதுவாகக் கீழே இழுத்து, “அக்காவுக்கு எதுவரைக்கும் வந்திருந்துச்சு தெரியுமா?” என்று படத்தில் காட்டினாள்.